மூளையில் ஒரு பெரிய வெண்திட்டு: அரிய, கடுமையான மயலின் சிதைவு நோய்களை எம்ஆர்ஐயில் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

ஒரே வாரத்தில் வலது கையும் காலும் தளர்ந்து, பேச்சும் குழறிய நிலையில் ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். எம்ஆர்ஐ எடுத்தால் மூளையின் வெண்பொருளில் (நரம்பு இழைகள் ஓடும் உட்பகுதி) 4 செ.மீ. அளவுக்கு ஒரு திட்டு. கான்ட்ராஸ்ட் (பாதித்த இடத்தைப் படத்தில் ஒளிரச் செய்யும் ஊசி மருந்து) கொடுத்ததும் அதன் ஓரம் பளிச்சென்று தெரிகிறது. புற்றுக்கட்டி என்று முடிவு செய்தால் அறுவையும் கதிர்வீச்சும். மயலின் சிதைவு என்று முடிவு செய்தால் ஸ்டீராய்டும் பிளாஸ்மா மாற்று சிகிச்சையும் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றி எதிர்ப்புரதங்களை நீக்குவது). அந்த முடிவு பெரும்பாலும் படத்தை எந்த வரிசையில், என்ன கேள்வியோடு பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

உடலின் எதிர்ப்புச் சக்தியே மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்எஸ்) பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இங்கே பேசப்போவது அதைவிட அரிதான, வேகமாகத் தாக்கும் நோய்களைப் பற்றி. பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களையும் ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கையில் ரிப்போர்ட்டோடு தவித்துக்கொண்டிருக்கும் குடும்பத்தினரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் இதை வைத்துத் தாமாக நோய் தீர்மானிக்கக் கூடாது.

முதலில் ஒரு அடிப்படை. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள கொழுப்பு நிறைந்த உறைதான் மயலின். அது சிதைந்தால் அந்த இடத்தில் நீர்ச்சத்து கூடும். டி2, ஃப்ளேர் எனப்படும் எம்ஆர்ஐ பட வகைகளில் அது வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால் பக்கவாதம், தொற்று, கட்டி, வீக்கம் எல்லாமே அதே படங்களில் வெள்ளையாகத்தான் தெரியும். ஆகவே வெள்ளையாக இருக்கிறது என்பது தகவலே இல்லை. எங்கே இருக்கிறது, ஓரம் எப்படி இருக்கிறது, காலப்போக்கில் என்ன ஆகிறது என்ற மூன்றும்தான் தகவல்.

படி 1: படம் பார்க்கும் முன் கதையைக் கேளுங்கள்

வயது என்ன? எத்தனை நாளில் இவ்வளவு ஆனது? காய்ச்சலோ வைரஸ் தொற்றோ சமீபத்தில் வந்ததா? மயக்கம், குழப்பம் உண்டா? பார்வை போனதா? நிற்காத விக்கலும் வாந்தியும் இருந்ததா? ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதை அவசரமாக ஏற்றினார்களா? எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறாரா, எச்ஐவி உண்டா? சிறுவன் என்றால், பள்ளியில் திடீரெனக் கவனம் சிதறுகிறதா, தோல் கறுத்திருக்கிறதா, தாய்வழி ஆண்களில் யாருக்காவது இப்படி வந்ததா?

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு நோய் காத்திருக்கிறது. ஸ்கேன் கோரிக்கைத் தாளில் "தலைவலி, எம்ஆர்ஐ மூளை" என்று மட்டும் எழுதி அனுப்பினால், படத்தைப் படிப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் படிக்க வேண்டும். இரண்டு வரி கூடுதலாக எழுதுவது மருத்துவர் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை.

படி 2: சரியான படங்களை எடுங்கள்

3 டெஸ்லா கருவி கிடைத்தால் நல்லது, 1.5 டெஸ்லாவும் போதும். கருவியைவிட எந்தெந்த சீக்வென்ஸ் (பட வகை) எடுத்தோம் என்பதே முக்கியம்.

ஃப்ளேர் படத்தை முடிந்தால் 3டியாக, சுமார் 1 மி.மீ. தடிமனில் எடுங்கள். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தைச் சரியாகப் பார்க்க சஜிட்டல் (பக்கவாட்டுத்) தளம் வேண்டும். 2டியில் எடுத்தால் தடிமன் 3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. டி2 தனியாக வேண்டும், ஏனென்றால் மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் ஃப்ளேர் சில திட்டுகளைத் தவறவிடும். திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தை, அந்த நகர்வை அளக்கும் ஏடிசி வரைபடத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். எஸ்டபிள்யூஐ என்ற பட வகை சிறு ரத்தக்கசிவையும், திட்டின் நடுவே ஓடும் சிரையையும் காட்டும். டி1 படம் கான்ட்ராஸ்டுக்கு முன்னும் பின்னும் தேவை.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையில் மயலின் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கான கண்ணோடு அந்தப் படத்தைப் பார்த்தால் இயல்பே நோயாகத் தெரியும், நோயும் இயல்பாகத் தெரியும். வயதுக்கேற்ற மயலின் வளர்ச்சியோடு ஒப்பிட்டுத்தான் எதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம், மூளையோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த நோய்களில் பாதி விடை தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் கிடக்கும். பார்வைக் குறை இருந்தால் கொழுப்பின் ஒளிர்வை அடக்கி எடுத்த கண்குழிப் படம் வேண்டும். முழுத் தண்டுவடமும் ஒரு முறையாவது பார்க்கப்பட வேண்டும்.

படி 3: கான்ட்ராஸ்ட்

கேடோலினியம் மருந்தின் வழக்கமான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மி.மோல். ஊசி போட்டதும் உடனே படம் எடுப்பது பலர் செய்யும் பிழை. குறைந்தது 5 நிமிடம் காத்திருங்கள். அந்த இடைவெளியில் டி2வையோ ஃப்ளேரையோ எடுத்துக்கொண்டால் நேரமும் வீணாகாது. மேக்ரோசைக்ளிக் வகை மருந்துகளே நல்லது; பழைய லீனியர் வகைகள் திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும்போது மூளையின் சில பகுதிகளில் படிகின்றன. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தேவையை எடைபோட்டே கொடுக்க வேண்டும்.

கான்ட்ராஸ்ட் ஏறுவது, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு அங்கே இப்போது உடைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. மயலின் சிதைவுத் திட்டில் அது சாதாரணமாக 2 முதல் 8 வாரம்வரை இருக்கும். 3 மாதத்துக்கு மேலும் அதே திட்டு கான்ட்ராஸ்ட் பிடித்துக்கொண்டே இருந்தால், போட்ட நோயின் பெயரை மறுபடி யோசிக்க வேண்டும்.

படி 4: முதலில் இடம்

படத்தைத் திறந்ததும் கண் பெரிய திட்டுக்கே ஓடும். அதைத் தள்ளிவைத்து, திட்டுகள் எங்கெங்கே பரவியிருக்கின்றன என்று ஒரு சுற்று பாருங்கள்.

நான்காம் வென்ட்ரிக்கிளின் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) அடிப்பகுதியில், ஏரியா போஸ்ட்ரீமா என்ற சிறு இடத்தில் வெண்மை தெரிகிறதா? மூன்றாம், நான்காம் வென்ட்ரிக்கிள்களின் ஓரம், ஹைப்போதாலமஸ், தண்டுவடத்தில் தொடர்ச்சியாக 3 அல்லது அதற்கு மேற்பட்ட முதுகெலும்புத் துண்டுகளுக்கு நீளும் திட்டு, பார்வை நரம்பின் பாதி நீளத்துக்கு மேல் அல்லது கயாஸ்மாவில் (இரு பார்வை நரம்புகளும் சந்திக்கும் இடம்) பாதிப்பு, இவையெல்லாம் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகாவைக் காட்டும். விக்கலைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் காணப்படும் அக்வாபோரின்-4 எதிர்ப்புரதத்தை 2004-இல் கண்டுபிடித்த பிறகு இது எம்எஸ்ஸிலிருந்து தனி நோய் என்பது உறுதியானது. பிரித்தறிவது பெயருக்காக மட்டும் இல்லை. இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் போன்ற எம்எஸ் மருந்துகள் இந்த நோயை மோசமாக்கிவிடலாம்.

எம்ஓஜி (மயலினின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம்) எதிர்ப்புரத நோய் வேறு மாதிரி. பார்வை நரம்பின் முன்பகுதி தடித்து, அதைச் சுற்றிய உறையும் கான்ட்ராஸ்ட் பிடிக்கும். தண்டுவடத்தின் சாம்பல்நிறப் பகுதி மட்டும் வெளுத்து, குறுக்குவெட்டில் எச் எழுத்தின் வடிவில் தெரியும். கோனஸ் எனப்படும் தண்டுவட நுனியும், நடு சிறுமூளைத் தண்டும் அடிக்கடி பாதிக்கப்படும். ஓரம் மங்கிய, பஞ்சு போன்ற திட்டுகள். சிகிச்சைக்குப் பிறகு இவற்றில் பல சுவடே இல்லாமல் மறைந்துவிடும். எம்எஸ் திட்டு அப்படி முழுதாக மறைவது குறைவு. இதற்கான சர்வதேச வரையறை 2023-இல் வந்தது.

குழந்தைகளில் தொற்றுக்குப் பின் வரும் ஏடிஇஎம் (திடீரெனப் பரவும் மயலின் அழற்சி) நோயிலும் திட்டுகள் பெரியவை, தெளிவற்றவை, இருபுறமும் சமச்சீர் இல்லாமல் சிதறியவை. மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸ், பேசல் கேங்க்ளியா இரண்டும் சேர்ந்து பாதிக்கப்படுவது முக்கியத் தடயம். ஆனால் குழந்தைக்கு மயக்கமோ நடத்தை மாற்றமோ இல்லாவிட்டால் ஏடிஇஎம் என்று எழுதக் கூடாது, வரையறை அப்படி. ஏடிஇஎம் வந்த குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு எம்ஓஜி எதிர்ப்புரதம் இருப்பதால், அந்தப் பரிசோதனையை விடக் கூடாது.

படி 5: ஓரத்தைப் படியுங்கள்

தவறினால் விலை அதிகம் கொடுக்க வேண்டிய படி இது, ஆகவே நிதானமாக.

2 செ.மீ.க்கு மேல் பெரிதாக, கட்டி போல் தெரியும் மயலின் சிதைவை டியூமஃபாக்டிவ் வகை என்கிறோம். க்ளையோமா (மூளைத் திசுக் கட்டி), லிம்ஃபோமா (நிணநீர்ச் செல் புற்று), சீழ்க்கட்டி மூன்றிலிருந்தும் இதைப் பிரிக்க வேண்டும். ஒரே ஒரு அடையாளத்தை நம்பாதீர்கள். கீழே உள்ளவற்றில் பல சேர்ந்து வந்தால்தான் நம்பிக்கை வர வேண்டும்.

கான்ட்ராஸ்ட் வளையம் முழுமையாக மூடியிருக்கிறதா, ஒரு பக்கம் திறந்திருக்கிறதா? திறந்த வளையம், அதிலும் திறப்பு புறணியையோ (மூளையின் வெளி அடுக்கு) சாம்பல்நிறப் பொருளையோ நோக்கி இருப்பது, மயலின் சிதைவின் வலுவான அடையாளம். வெண்பொருளில் முன்னேறும் அழற்சி முனைதான் ஒளிர்கிறது. மூடிய, தடிமன் சீரற்ற, உட்புறம் கரடுமுரடான வளையம் க்ளையோமாவின் மிகக் கடிய வகையான க்ளையோப்ளாஸ்டோமா பக்கம் சாய்கிறது.

திட்டின் அளவுக்கு ஏற்ற அழுத்தம் இருக்கிறதா? 5 செ.மீ. திட்டு, ஆனால் நடுக்கோடு நகரவே இல்லை, சுற்றிலும் வீக்கம் சொற்பம் என்றால் கட்டி என்ற எண்ணத்தைத் தளர்த்துங்கள். பெரிய அழுத்தத்தோடு வரும் மயலின் சிதைவும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து எதையும் தள்ளிவிடவும் முடியாது.

டிஃப்யூஷனில் எந்த இடம் தடைபடுகிறது? சீழ்க்கட்டியில் நடுப்பகுதி தடைபடும், அங்கேதான் கெட்டியான சீழ் இருக்கிறது. மயலின் சிதைவில் புதிய ஓரம் மட்டும் தடைபடும், நடு தளர்ந்திருக்கும். சில நாளில் அந்த ஓரமும் மாறிவிடும். லிம்ஃபோமாவில் கான்ட்ராஸ்ட் பிடிக்கும் திடப்பகுதி முழுவதும் தடைபடும்.

பெர்ஃப்யூஷன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் படம்) எடுத்தால் க்ளையோப்ளாஸ்டோமாவில் ரத்த அளவு உயரும், மயலின் சிதைவில் பொதுவாகக் குறைவு. எஸ்டபிள்யூஐயில் சிரைகள் வளையாமல், சிதையாமல் திட்டின் ஊடே நேராகப் போகின்றனவா என்று பாருங்கள். கட்டி சிரையைத் தள்ளும் அல்லது விழுங்கும்.

திசுவின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபியில் கவனம். கோலின் உயர்ந்து, நரம்புச் செல்களின் அடையாளமான என்ஏஏ குறைந்தால் கட்டி என்று எழுதிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கடும் மயலின் சிதைவிலும் அதே மாற்றம் வரும். குளுட்டமேட்-குளுட்டமின் உயர்வு தெரிந்தால் அது மயலின் சிதைவுக்குச் சாதகம். மற்றபடி இந்தப் பரிசோதனையை மட்டும் நம்பி மண்டையோட்டைத் திறக்கக் கூடாது.

எளிய சிடி ஸ்கேனும் உதவும், இது பலருக்குத் தெரிவதில்லை. எம்ஆர்ஐயில் கான்ட்ராஸ்ட் பிடித்த அதே இடம் சாதா சிடியில் கறுத்துத் தெரிந்தால் அது மயலின் சிதைவுக்கு வலுவான சாதகம். லிம்ஃபோமா, செல்கள் நெருங்கிய க்ளையோமா போன்றவை அங்கே அவ்வளவு கறுக்காது. ஏற்கெனவே அவசரப் பிரிவில் எடுத்த சிடி இருக்கும். தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. ஹங்கேரியின் யோசெஃப் பாலோ 1928-இல் விவரித்த வகையில், சிதைந்த அடுக்கும் தப்பிய அடுக்கும் மாறிமாறி, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல வளையங்களாகத் தெரியும். டி2வில் அந்த வரிகள் தெளிவு. வெளி வளையம்தான் டிஃப்யூஷனில் தடைபட்டு, கான்ட்ராஸ்டும் பிடிக்கும். ஒரு காலத்தில் இறந்த பிறகு மூளையை அறுத்தே இதைக் கண்டார்கள், அதனால் பிழைக்கவே முடியாத நோய் என்று நம்பினார்கள். எம்ஆர்ஐ வந்த பின் உயிரோடு இருப்பவர்களில் கண்டு, சிகிச்சை தந்து, நன்றாகத் தேறியவர்களையும் பார்க்கிறோம். இது எம்ஆர்ஐ தந்த பெரிய ஆறுதல்களில் ஒன்று.

ஓட்டோ மார்பர்க் 1906-இல் எழுதிய வகை அப்படி இல்லை. திட்டுகள் பலவாகத் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து, மூளைத்தண்டுக்கும் பரவும். சில வாரம், சில மாதத்தில் உயிரையே எடுக்கலாம். இங்கே நாள் கணக்கில் சிகிச்சையைத் தீவிரமாக்க வேண்டும்.

வெண்பொருள் வீங்கி, அழுத்தம் வேகமாக ஏறி, எஸ்டபிள்யூஐயில் புள்ளி புள்ளியாக ரத்தக்கசிவு தெரிந்தால் அது ரத்தக்கசிவு லூக்கோஎன்செஃபலைட்டிஸ் (வெண்பொருள் அழற்சி), வெஸ்டன் ஹர்ஸ்ட் 1941-இல் விவரித்தது. எஸ்டபிள்யூஐ எடுக்காவிட்டால் கடுமையான ஏடிஇஎம் என்று நினைத்து நகர்ந்துவிடுவோம்.

படி 6: இருபுறமும் சமமாக இருந்தால் பாதையை மாற்றுங்கள்

அழற்சி நோய்கள் கண்டபடி சிதறும். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாகத் தெரிந்தால் மரபணு, வளர்சிதை மாற்றம், நச்சு என்ற பக்கம் திரும்புங்கள்.

அதில் நேரத்தோடு ஓடிப் பிடிக்க வேண்டியது, மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து மயலினையும் அட்ரினல் சுரப்பியையும் கெடுக்கும் அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோபி. ஏபிசிடி1 மரபணுப் பழுது, எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் பையன்களைத் தாக்குகிறது. மூளை வகை பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். சுமார் 80 சதவீதத்தில் வெண்மை பின்புறம்தான்: கார்ப்பஸ் கலோசத்தின் பின்முனையான ஸ்ப்ளீனியமும் அதையொட்டிய பரைட்டல், ஆக்ஸிபிட்டல் வெண்பொருளும். உள்ளே எரிந்து முடிந்த பகுதி, அதைச் சுற்றிக் கான்ட்ராஸ்ட் பிடிக்கும் அழற்சி வரம்பு, அதற்கும் வெளியே மயலின் கரையத் தொடங்கிய விளிம்பு என்று மூன்று மண்டலங்கள். நடு வரம்பு கான்ட்ராஸ்ட் பிடித்தால் நோய் ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆகவே இந்தப் பையன்களுக்குக் கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த படம் அரைப் படம்தான்.

பாதிப்பை 34 புள்ளிகள் கொண்ட லோஸ் மதிப்பெண்ணால் அளப்பார்கள். எண் குறைவாக இருக்கும்போதே ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்தால் நோய் நிற்க வாய்ப்பு அதிகம். படிப்பு மந்தமாகி, பார்வையும் கேட்கும் திறனும் குறைந்த பிறகு செய்தால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். படத்தில் மாற்றம் அறிகுறிகளுக்கு முன்பே வரும் என்பதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே அவகாசம். அதனால்தான் மரபணுப் பழுது உள்ளது என்று தெரிந்த பையன்களுக்கு, எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் 3 முதல் 12 வயதுவரை 6 மாதத்துக்கு ஒரு முறை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். கவனக்குறைவு, குறும்பு என்று பெயர் வைத்து மாதங்களைக் கழித்துவிட்ட பையன்களை நினைத்தால் மனம் தாங்குவதில்லை. ரத்தத்தில் மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைப் பார்ப்பது எளிது. சந்தேகம் வந்த அன்றே அனுப்புங்கள். அட்ரினல் சுரப்பியின் நிலையையும் சேர்த்துப் பாருங்கள், மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்கும் முன் அது தெரிந்திருக்க வேண்டும்.

1912-இல் பால் ஷில்டர் விவரித்த நோயிலும் இருபுறமும் பெரிய திட்டுகள் வரும், 2 செ.மீ. × 3 செ.மீ.க்குக் குறையாமல். கொழுப்பு அமிலப் பரிசோதனை இயல்பு என்று தெரிந்த பிறகே அந்தப் பெயரை எழுதலாம்.

மற்ற மரபுவழி வெண்பொருள் நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெட்டாக்ரோமேட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபியில் வென்ட்ரிக்கிள்களைச் சுற்றி வெண்மை, அதனூடே கறுப்புக் கோடுகள், தொடக்கத்தில் புறணிக்கு அடியிலுள்ள யூ-இழைகள் தப்பும். கிராபே நோயில் தாலமஸ் சிடியில் வெளுத்துத் தெரியும், பார்வை நரம்பு தடித்திருக்கலாம். அலெக்சாண்டர் நோய் முன்மூளையில் தொடங்கும், தலை பெரிதாகும். கானவன் நோயிலும் தலை பெரிதாகும். ஸ்பெக்ட்ராஸ்கோபியில் என்ஏஏ உச்சியில் நிற்பதே அதன் முத்திரை.

படி 7: இரண்டு போலிகளை ஒதுக்குங்கள்

பிஎம்எல், ஜேசி வைரஸால் வரும் மூளைத் தொற்று. எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம், புறணிக்கு அடியிலுள்ள யூ-இழைகளையும் சேர்த்துப் பிடித்து, புறணிப் பக்கம் ஓரம் கூர்மையாகவும் உட்பக்கம் மங்கலாகவும், அழுத்தமில்லாமல் பரவும். கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் பிடிக்காது. நடாலிசுமாப் எடுக்கும் எம்எஸ் நோயாளியிடம் புதிதாகத் தெரியும் புறணியடித் திட்டை, எம்எஸ் கூடிவிட்டது என்று எழுதும் முன் இதை நினையுங்கள். தவறாகப் புரிந்து ஸ்டீராய்டு ஏற்றுவது ஆபத்து. மூளைத்தண்டுவட நீரில் ஜேசி வைரஸ் மரபுப்பொருளைத் தேட வேண்டும்.

இன்னொன்று ஆஸ்மாட்டிக் டீமயலினேஷன். குறைந்த சோடியத்தை வேகமாக ஏற்றிய சில நாளில் கை கால் செயலிழந்து, விழுங்க முடியாமல் போகும். மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் நடுவில், ஓரமும் கார்டிகோஸ்பைனல் (அசைவுக்கான) பாதையும் தப்பி, சூலம் போன்ற வடிவில் வெண்மை தெரியும். தொடக்கத்தில் டி2 முற்றிலும் இயல்பாக இருக்கலாம். டிஃப்யூஷன் முந்தும். முதல் படம் நன்றாக இருக்கிறது என்று கைவிடாமல் இரண்டு வாரத்தில் மீண்டும் எடுங்கள்.

படி 8: ரத்தம், நீர், திசு

எம்ஆர்ஐ ஒரு சுருக்கப் பட்டியலைத் தரும். முடிவை ஆய்வகம் உறுதி செய்ய வேண்டும். அக்வாபோரின்-4, எம்ஓஜி எதிர்ப்புரதங்களை செல் அடிப்படையிலான முறையில் பார்ப்பதே நம்பகமானது. ரத்தத்தை பிளாஸ்மா மாற்றத்துக்கு முன்பே எடுத்துவைத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் எதிர்ப்புரதம் கழுவப்பட்டு, பொய்யாக இல்லை என்று வரும். மூளைத்தண்டுவட நீரில் செல்கள், ஆலிகோக்ளோனல் பட்டைகள் (எம்எஸ்ஸில் அடிக்கடி தெரியும் எதிர்ப்புரதப் பட்டைகள்), புற்றுசெல் மூன்றையும் கேளுங்கள். உள்ளே அழுத்தம் கூடியிருக்கும் நோயாளிக்கு அந்த நீரை எடுக்கலாமா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

லிம்ஃபோமா சந்தேகம் உண்மையாகவே இருந்தால், நோயாளி தாங்கும் நிலையில் இருக்கும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவது நல்லது. ஸ்டீராய்டு லிம்ஃபோமாவைத் தற்காலிகமாகக் கரைத்துவிடும். அப்புறம் பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிப்பது) எடுத்தாலும் பதில் வராது. திட்டு சுருங்கியதை வைத்து மயலின் சிதைவுதான் என்று கொண்டாடவும் கூடாது. மறுபுறம், படம் மயலின் சிதைவைத் தெளிவாகக் காட்டி நோயாளி சரிந்துகொண்டிருந்தால் காத்திருக்காதீர்கள்: வழக்கமாக மெத்தில்பிரெட்னிசலோன் தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள் ஏற்றி, பலன் இல்லையென்றால் பிளாஸ்மா மாற்றத்துக்குப் போகிறார்கள்.

பயாப்ஸி எடுத்தே தீர வேண்டும் என்றால், நோயியல் மருத்துவரிடம் மயலின் சிதைவு சந்தேகம் இருப்பதை எழுதிக் கொடுங்கள். இந்தத் திட்டுகளில் பிரியும் செல்களும் வினோதமான அஸ்ட்ரோசைட்டுகளும் (நரம்புச் செல்களைத் தாங்கும் செல்கள்) இருப்பதால் நுண்ணோக்கியிலும் க்ளையோமா போலத் தோன்றும். மேக்ரோஃபேஜ் சாயமும் மயலின் சாயமும் போட்டால் வேறுபாடு தெரியும்.

படி 9: மறுபடி எடுங்கள்

நோயாளி மோசமானால் உடனே. தேறினாலும் சில வாரத்தில் ஒரு முறை, அப்புறம் சுமார் 3 மாதத்தில் ஒரு முறை. அதே கருவி, அதே சீக்வென்ஸ், அதே தளம். ஒரு முறை ஃப்ளேரை 5 மி.மீ.யிலும் மறுமுறை 1 மி.மீ.யிலும் எடுத்துவிட்டு புதிய திட்டு வந்திருக்கிறது என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. ஏடிஇஎம் என்று சொன்ன குழந்தைக்கு 3 மாதத்துக்குப் பிறகு புதிய திட்டு முளைத்தால் அந்தப் பெயர் போதாது. எம்ஓஜி நோய், எம்எஸ் இரண்டையும் தேட வேண்டும்.

ரிப்போர்ட்டில் "வெண்பொருளில் பல திட்டுகள், மயலின் சிதைவாக இருக்கலாம், மருத்துவரீதியாக ஒப்பிடவும்" என்று முடிக்காதீர்கள். இடம், அளவு, வளையம் திறந்ததா மூடியதா, டிஃப்யூஷன் எங்கே தடைபட்டது, ரத்தக்கசிவு உண்டா, சமச்சீரா, தண்டுவடமும் பார்வை நரம்பும் பார்க்கப்பட்டனவா, இவ்வளவும் எழுதி, முதல் சந்தேகம் எது, அடுத்தது எது, எந்தப் பரிசோதனை அவற்றைப் பிரிக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். அச்சிட்ட ஃபிலிமோடு மட்டும் வராதீர்கள். எல்லாப் படங்களும் அடங்கிய டிஜிட்டல் கோப்பைக் கேட்டு வாங்கி, முதல் ஸ்கேனிலிருந்து தேதி வாரியாக வைத்திருங்கள். வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது, ஸ்டீராய்டு தொடங்கிய தேதியையும் அந்தக் கோப்போடு எழுதிக் கொடுங்கள். திட்டு தானாகச் சுருங்கியதா, மருந்தால் சுருங்கியதா என்பதை அவர் அந்தத் தேதியை வைத்துத்தான் சொல்ல முடியும்.